சொந்த விருப்பத்தின் பேரில்

செவ்வாய், இரவு.

கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு மனிதவளத் துறைக்கு வந்து ஒரு வருடம். சம்பளம் மாதாமாதம் வருகிறது. தூக்கம்தான் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இன்று ஹனூர்த் தமிழரான தொழிலாளி பழனிச்சாமியைக் கூப்பிட்டு, அவர் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுவதாக நான் எழுதி வைத்திருந்த ராஜினாமாவை நீட்டினேன். எந்த வக்கீலாலும் உடைக்க முடியாத கடிதம்.

முன்பு இதே கம்பெனி அவரை நீக்கியபோது, மைசூர் லேபர் கோர்ட்டில் வாதாடி வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவன் நான். தோற்ற கம்பெனி பிறகு என்னையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. புத்திசாலிகள்.

பழனிச்சாமி பேனாவை மேசையில் வைத்தார்.

"நீங்க என்ற வக்கீலுங்க. இதுல கையெழுத்துப் போடலாமுங்களா?"

கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் பதில் சுலபம்.

பக்கத்தில் மேனேஜர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"போடாதீங்க" என்றேன்.

பழனிச்சாமி கும்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார். "ஏனந்த்ரு?" என்றார் மேனேஜர். யோசித்துச் சொல்கிறாராம் என்று கன்னடத்தில் சொன்னேன்.

நாளைக் காலை மேனேஜர் மறுபடி கேட்பார். அதே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி எனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இப்போதுதான் படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே உடைக்க முடியவில்லை.