ஜன்னலோரத்து ஸ்பீக்கர்

நவம்பர் 9, ஞாயிறு. விழுப்புரம்.

விடியலிலிருந்தே தூறல். சபையில் பாதிப் பேர்தான். மாடிப்படி வழுக்குகிறது, சாக்கு போடணும்.

ஆராதனைக்கு முன் படியிலேயே புஷ்பா பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கெடார் கிராமத்துப் பெண். எங்கள் ஜெப ஹாலுக்குக் கீழே ஜவுளிக்கடையில் சேல்ஸ். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நாள் பூரா நின்னுக்கினே கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிச்சி பாஸ்டர். திண்டிவனத்துல ஒரு கடையில வேலை கேட்டு வச்சிருக்கேன். ஜெபத்துல வச்சிக்குங்க."

வைத்தேன். வழக்கம்போல மைக்கில், பேர் சொல்லி, ஊர் சொல்லி. அவள் சொன்ன திண்டிவனத்துக் கடைப் பேரையும் விடவில்லை, ஆண்டவருக்கு விலாசம் தெரியாதது போல. சபையே ஆமென் என்றது. நல்ல உருக்கமான ஜெபம் என்று எனக்கே ஒரு திருப்தி.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டது. கரண்ட் இல்லை. வாங்க: துடைப்பம், மைக் வயர், மனைவி எஸ்தருக்கு இருமல் மருந்து.

மதியம் புஷ்பா, சாப்பாட்டுப் பையோடு. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

ஸ்பீக்கர் ஜன்னலில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் காதில் வசனம் விழட்டும் என்று நான்தான் வைத்தேன். நேற்று நான் ஜெபிக்கும்போது முதலாளி கீழே ஷட்டர் திறந்துகொண்டிருந்தாராம்.

"ஆண்டவரு கேட்டாரோ இல்லியோ, மொதலாளி கேட்டுட்டாரு பாஸ்டர்."

சிரிக்கவில்லை. நானும்.

நவம்பர் 12, புதன்

வெயில். பஸ் ஏறித் திண்டிவனம். அந்தக் கடையில் நானே பேசிப் பார்க்கலாமென்று.

மேனேஜர் மரியாதைக்காரர். எனக்கு ஸ்டூல் போட்டார். கவுன்டருக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். "அந்தப் பொண்ணா? அவங்க ஓனரு போன் பண்ணிட்டாரு சார். அவரு ஆள நாங்க எடுத்தா பேஜாருங்க."

இருந்த வேலையும் போச்சு, வர இருந்ததும் போச்சு. என் வாயால். திரும்பும்போது மல்லாட்டை வாங்கினேன், ஒரு கடலைகூட உரிக்கவில்லை. அப்படியே பையில்.

நவம்பர் 13, வியாழன்

மறுபடி தூறல். எஸ்தர், துணி மடித்துக்கொண்டே: "ஏங்க, படியில சொன்னத படியிலயே ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கலாம்ல?"

மெதுவாகச் சொன்னால் எனக்கு ஜெபித்த மாதிரியே இருப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மேகமூட்டம். ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி வைத்தாயிற்று. புஷ்பா வந்தாள். எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில், தலை குனிந்தபடி.

விண்ணப்ப நேரம். ஜெபக்குறிப்பு உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னேன். சுகர், கல்யாணத்தடை, கோர்ட் கேஸ் என்று வழக்கமாகத் தள்ளுமுள்ளாக வரும். இன்று ஒரு கையும் உயரவில்லை.

மைக்கை அணைத்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் பாஸ்டர்," என்றார் முன்வரிசைப் பெரியவர். போன வாரம்கூட மகனின் குடிக்காக அழுதவர்.