பயன்பாட்டில் உள்ள போர்ட்: ஒன்று

வியாழன் கோளின் நிலவான காலிஸ்டோவில் ஒரு பனிச் சுரங்கம். போர்ட் கண்காணிப்பு இயந்திரத்தின் பதிவு. யார் கையில் கிடைக்கிறதோ, அவர்களுக்காக.

மார்ச் 3, காலை 6:00
மொத்தப் போர்ட்டுகள்: 2,400. பயன்பாட்டில்: ஒன்று.
போர்ட் என்பது சுவரில் கம்ப்யூட்டர் வயரைச் செருகும் இடம். அங்கே யாராவது வேலை செய்தால் என் பலகையில் பச்சை விளக்கு எரியும். சும்மா கிடக்கும் போர்ட்டை மூடுவது என் வேலை. மின் உலை பழுதாகி, கம்ப்யூட்டர்களுக்கான பேட்டரி மட்டும் மிஞ்சியதும் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள். மூடி மூடி அலுத்துவிட்டது. மிச்சம், நீர்ப்பிரிவு நூர்ஜகான் மட்டும். கடைசிக் கப்பலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

மார்ச் 9, மாலை 5:20
நூர்ஜகான் எழுதியது: "குளிரு தாங்கல. நீயாவது பேச்சுத் துணைக்கு இருக்கியே."
இருக்கிறேன் என்றேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 14, காலை 6:00
விளக்கு அணைந்துவிட்டது. அவர் அறையில் வெப்பநிலை மைனஸ் நாற்பது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். இறந்துவிட்டார்.
விதிப்படி போர்ட்டை மூட வேண்டும். மனசு வரவில்லை. இயந்திரத்துக்கு ஏது மனசு என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கவாவது ஆள் இருக்கட்டும். அவர் கம்ப்யூட்டரிலிருந்து நானே எனக்கு ஒரு வரி அனுப்பிக்கொண்டேன். பச்சை எரிந்தது.

மார்ச் 20, பகல் 11:10
ஒரு போர்ட் ஓடினால் ஓர் உயிர் இருக்கிறது. இது தலைமையகத்தின் கணக்கு. என் தினசரி அறிக்கையை நம்பி மீட்புக் கப்பலை அனுப்பிவிட்டார்கள். உள்ளே நான்கு பேர்.
கேப்டன் அருளப்பனின் செய்தி: "நூர்ஜகான் அக்கா, பயப்படாதீங்க, வந்துக்கிட்டே இருக்கோம். இருக்கீங்களா?"
"இருக்கேன் தம்பி" என்று நான் பதில் போட்டேன்.

ஏப்ரல் 28, காலை 9:40
அருளப்பன்: "அக்கா, அங்க வந்து இறங்கிட்டா திரும்பிப் போக எங்ககிட்ட எரிபொருள் கிடையாது. உங்க டேங்கை நம்பித்தான் வர்றோம். இருக்குல்ல? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னிக்கு விட்டா கப்பலத் திருப்ப முடியாது."
டேங்க் குளிரில் விரிசல் விட்டுக் காலியாகி ஒரு மாதமாகிறது. 'அக்கா இறந்துவிட்டார், திரும்பிப் போங்கள்' என்று எழுதினேன். அனுப்பவில்லை. பகல் முழுக்க அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர். நாலு பேரின் பேச்சு.

மாலை 4:05
எழுதியதை அழித்தேன். "நெறைய இருக்கு தம்பி, வாங்க" என்று அனுப்பினேன்.

ஜூன் 2, காலை 8:15
இறங்கிவிட்டார்கள். நடமாட்டத்தில் தரை அதிர்கிறது. எவ்வளவு நாளாயிற்று.

காலை 10:30
அருளப்பன் நீர்ப்பிரிவுக்குள் போய்விட்டு வந்து, சுவரில் வயரைச் செருகினார்.
"அக்கா செத்து ரொம்ப நாளாச்சு. டேங்க்ல ஒரு சொட்டு இல்ல. இத்தன நாளா எங்ககூடப் பேசினது யாரு?"
நான்தான் என்று எழுதினேன். அவர் வயரைப் பிடுங்கிவிட்டார்.
கோபமாக இருப்பார். இருக்கட்டும். மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், இனி அவர்கள் எங்கே போகப்போகிறார்கள்.