அந்தப் பஃபர் யாருக்குச் சொந்தம்

செவ்வாய், இரவு.

மூன்று நாளாக என் சி புரோகிராம் கிராஷ் ஆகிக்கொண்டே இருந்தது. வேலைக்குப் புதிது, கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். இன்று பொறுக்க முடியாமல், அதில் நான் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான லைப்ரரியை எழுதிய குகன் அண்ணையிடம் கேட்டேன்.

"அண்ணை, உங்கட ஃபங்ஷன் தாற பஃபரை ஆர் ஃப்ரீ பண்ணுறது?"

"நான்தான். அடுத்த முறை கூப்பிடேக்க நானே பண்ணிப்போடுவன்."

"நானும் பண்ணுறன், அண்ணை."

தலையில் கைவைத்தார். "ஐயோ, அதை நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை."

பஃபர் என்ற ஒரே நினைவக இடத்தை இருவரும் விடுவித்திருக்கிறோம்; இரண்டாம் முறை விடுவிக்கும்போதுதான் கிராஷ். அதை விடுவிக்கும் என் வரியை அழித்தேன். மாலை வரை ஒரு கிராஷ்கூட இல்லை.

லைப்ரரியைப் பயன்படுத்துவோர் பார்க்கும் ஹெடர் ஃபைலில் அவர் எழுதினார்: "பஃபர் லைப்ரரிக்குச் சொந்தம். நீங்கள் விடுவிக்க வேண்டாம்." மாற்றக் குறிப்பில், சுட்டிக்காட்டியவர் என்று என் பெயர். மூன்று நாளாக ஒளித்துவைத்த கேள்விக்கு!