நாற்பத்து மூன்றாவது கிணறு

பெரும்பாக்கம்
22.9.2024

அன்புள்ள கபாலிக்கு,

நலம். நீ நலம் என்பதைத்தான் பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே. போன் செய்தால் உனக்குக் கேட்காது. கொசு மருந்துப் புகை மிஷினைச் சுமந்து சுமந்து போன காது. அதனால் பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசாவிடம் சொல்லி எழுத வைக்கிறேன். பேப்பரைப் படித்துக் காட்டியதும் அவள்தான்.

"மழைக்கால நோய்த் தடுப்புக்கு உதவும் முன்னாள் மலேரியா ஊழியர்." தோளில் சால்வை, கையில் பழைய நோட்டு.

அந்த நோட்டில் இருப்பதெல்லாம் யார் பார்த்தது? எனக்கு எழுத்து தெரியாது, அதனால் பேனா உன்னிடம். 2015 வெள்ளத்தில் அபிராமபுரம் கிணறுகளைச் சேற்றில் நடந்து எட்டிப் பார்த்தவன் நான். மாமரத்து வீட்டில் இரண்டு தவளை. பச்சை கேட் வீட்டில் செத்த எலி. நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "சொல்லு மச்சி, அடுத்தது இன்னா?" என்று எழுதிக்கொண்டாய். நாற்பத்து மூன்று கிணறு. இன்றும் வரிசையாகச் சொல்வேன். நோட்டு இல்லாமல் உன்னால் நாலு சொல்ல முடியுமா?

செய்தியில் என் பெயர் இல்லை. இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்த இடத்தில் நான் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறாள் அஸ்மத்துன்னிசா. நீயே போட்டுக்கொள்.

உன் வீட்டுக்காரி தேவானையைக் கேட்டதாகச் சொல்.

மண்ணாங்கட்டி
(கைநாட்டு)


மயிலாப்பூர்
28.9.2024

அன்புள்ள மண்ணாங்கட்டிக்கு,

உன் பெயரைச் சொன்னேன். பேப்பர்காரன் போடவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் தேவானை, "அண்ணனுக்கு வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல பாரு" என்று சிரித்தாள்.

சால்வை மட்டுமில்லை. எனக்கு ஆரஞ்சுச் சட்டை ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள், முதுகில் எழுத்தோடு. சுகாதார ஆபீஸில் வெள்ள அவசரத் திட்டம் போடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் எந்தக் கிணற்றிலிருந்து லாரிக்கு எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்று நம் நோட்டைப் பார்த்து வரைபடத்தில் பச்சை, சிவப்பு வட்டம் போட்டாயிற்று.

கடைசிச் சந்தில் வக்கீல் ராமானுஜம் வீட்டுக் கிணறு நினைவிருக்கிறதா? வெள்ளத்திலும் சுத்தமாக இருந்தது என்றாயே. அதுதான் முதல் பச்சை. போன வாரம் தண்ணீரைச் சோதித்தார்கள், நல்ல தண்ணீர் என்றே வந்தது. ஐப்பசி பிறந்ததும் மோட்டார் வைக்கப் போகிறார்கள். உன்னால்தான். இனியாவது சந்தோஷமாக இரு.

உன்
கபாலி


பெரும்பாக்கம்
3.10.2024

கபாலி,

வக்கீல் வீட்டுக் கிணற்றை நான் பார்க்கவில்லை.

கிணறு பார்த்த அன்று காலைதான் உன்னை மேஸ்திரி ஆக்கினார்கள். நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாற்பத்திரண்டு கிணறு பார்த்துவிட்டுச் சந்து முனைக்கு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் நீ பெஞ்சில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாய். அப்படியே திரும்பி வந்து, "க்ளீனா கீது, எழுதிக்கோ" என்றேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது வாட்ச்மேன் சொன்னார்: "வீட்ல அல்லாருக்கும் வாந்தி பேதி நைனா, ஆஸ்பத்திரில கீறாங்க." உள்ளே போய்ப் பார்த்தேன். செப்டிக் டேங்க் கிணற்றை ஒட்டியே இருக்கிறது. மற்ற நாளில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும், சோதித்தாலும் ஒன்றும் தெரியாது. வெள்ளம் ஏறினால்தான் அத்தனையும் கிணற்றில் இறங்கும்.

சொன்னால் பொய் வெளியே வரும் என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் உன் கடிதம் வந்து இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன். தண்ணீர் கெட்டால் சால்வை போட்டவன்தானே பதில் சொல்லவேண்டும் என்று உள்ளுக்குள் இனிக்கக்கூடச் செய்தது.

நேற்று எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வந்தது. அஸ்மத்துன்னிசா இரண்டு குடம் பிடித்து எனக்கு ஒன்று கொடுத்தாள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வரிசையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

பச்சையை அழிக்கச் சொல்.

மண்ணாங்கட்டி
(கைநாட்டு)


மயிலாப்பூர்
8.10.2024

மண்ணாங்கட்டிக்கு,

அழித்தாயிற்று. சிவப்புப் போட்டுவிட்டார்கள்.

அதிகாரி அம்மா ஒன்றுதான் கேட்டார்: "மத்த நாப்பத்திரெண்டையாவது அவர் பார்த்தாரா?" ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லா வட்டத்தையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக உன் கண்ணை என் கண்ணாக நினைத்திருந்தேன்.

மழைக்கு முன் மறுபடியும் பார்த்தாக வேண்டும். எங்கே எது என்று காட்ட உன்னை விட்டால் ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, அதே டீக்கடை. இந்த முறை நானும் எட்டிப் பார்ப்பேன்.

கபாலி


பெரும்பாக்கம்
11.10.2024

அன்புள்ள கபாலிக்கு,

வருகிறேன். நாற்பத்திரண்டும் பார்த்தேன். நம்பச் சொல்லவில்லை, நீயே பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராதே. என் கண் அதிலேயே நிற்கும், கிணற்றுக்குள் போகாது.

கடைசிச் சந்திலிருந்து ஆரம்பிப்போம்.

மண்ணாங்கட்டி
(கைநாட்டு)