தொடக்கூடாதது எது

ஜூன் 9, திங்கள்

உள் அறைக்கு வெள்ளையடித்து முடித்தேன். கால் பிடித்துக்கொண்டதால் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அடிக்க முடிந்தது. மாத்திரை தொடங்கியதிலிருந்து இந்தப் பிடிப்பும் காலையில் கண் வீக்கமும் கூடவே வருகின்றன. ரத்தப் புற்றுநோய்க்குத் தினம் ஒரு மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. சோதனையில் நோயின் அளவு இறங்கித்தான் வருகிறது.

மகள் விஜிக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. வளைகாப்பு ஆனதும் பிரசவத்துக்கு இங்கே வருவாள். என் மனைவி ஞானம் உயிரோடு இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பாள். அவள் போன பிறகு, பாபநாசத்தில் இந்த வீட்டில் கேட்பது என் இருமல் ஒன்றுதான்.

ஜூன் 12

அடுத்த வீட்டு ஆபிதா பீவி பம்பளிமாஸ் பழம் கொண்டுவந்தார்கள். இந்த மாத்திரையோடு அது ஆகாது. இருந்தும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் நின்று பேசாமல் போய்விடுவார்களே.

ஜூன் 16, திங்கள்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நர்ஸ் ரெனிஷா கேட்டது. மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றேன், பெருமையாகத்தான்.

"அப்ப ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. கர்ப்பிணிப் பொண்ணு இந்த மாத்திரையத் தொட வேண்டாம். நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க. உடைக்காதீங்க, பொடிக்காதீங்க. கக்கூஸ்ல மூடிய மூடிட்டு ரெண்டு தடவ தண்ணி விடுங்க."

வந்ததும் களக்காட்டுக்குப் போன் போட்டு, சம்பந்தியம்மாளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மறைத்தால் தப்பில்லையா?

ஜூன் 19

விஜி போன் எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மருமகன் சுந்தர் பேசினார். "மாமா, பிரசவத்த இங்கனயே வச்சுக்கிடுதோம். அம்மா ரொம்பப் பயப்படுதாங்க. வளைகாப்புக்கும் நீங்க அலைய வேண்டாம்."

சரி என்றேன். அலைய வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்றுதானே.

வெள்ளையடித்த அறையின் கதவைச் சாத்திவிட்டேன். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை.

ஜூலை 2, புதன்

மாத்திரை சாப்பிடவில்லை.

பிரசவம் முடியும்வரை நிறுத்தினால் என்ன? எனக்கு இப்போது என்ன குறை? நோய் எனக்குள் இருப்பதே தெரியவில்லை. மாத்திரைதான் தெரிகிறது.

ஜூலை 5

இன்று காலை கண் வீங்கவில்லை. குமட்டல் இல்லாமல் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். இவ்வளவு நன்றாக இருப்பதே பயமாக இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ரெனிஷாவைக் கூப்பிட்டு, நிறுத்தி எத்தனை நாள் ஆனால் மகள் வரலாம் என்று கேட்டேன்.

"நிறுத்திட்டீங்களா?"

"சில நாளாச்சும்மா."

"டாக்டர்ட்ட கேட்டுட்டு இப்பவே கூப்பிடுதேன். போன கையிலயே வச்சிருங்க."

உடனே கூப்பிட்டது. இன்றே தொடங்க வேண்டுமாம். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகச் சாப்பிடக்கூடாதாம். நாளை நேரில் வர வேண்டுமாம். அப்புறம் கேட்டது:

"மாத்திரையத் தொடக்கூடாதுன்னுதான அண்ணாச்சி சொன்னேன். உங்களத் தொடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

போனை வைத்த பிறகு அழுதேன். என்னத்துக்கு அழுதேன்? நான் சொன்ன விதத்தில்தானே எல்லாருக்கும் அப்படிக் கேட்டிருக்கிறது.

ஜூலை 8

ரத்தம் எடுத்தார்கள். நானாக நிறுத்தினால் நோய் திரும்பும், திரும்பினால் இதே மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம் என்றார் டாக்டர். தொந்தரவைச் சொன்னால்தானே வழி பண்ண முடியும் என்று குமட்டலுக்கு மருந்து எழுதினார்.

"மருமகன் நம்பர் குடுங்க, நான் பேசுதேன்" என்றது ரெனிஷா. வேண்டாம் என்றுவிட்டேன். கெஞ்சப் போனதுபோல் இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

வளைகாப்பு. போனில் படம் வந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சிரிக்கிறாளா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடுகிறது.

ஜூலை 15

மானம் என்ன மானம். நானே கூப்பிட்டேன். "விஜி, ரெனிஷான்னு நர்ஸ். நம்பர் அனுப்புதேன். நீயே கேளு" என்றேன். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

விஜி வந்தாள், சுந்தரோடு. வாசலில் நான் பின்வாங்கி நின்றேன். அவள் நேராக வந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்காகவாப்பா நிறுத்துனீங்க? பிள்ளைக்குத் தாத்தா வேண்டாமா?"

மாத்திரைப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே தந்தார் சுந்தர். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பிரசவம் களக்காட்டில்தானாம், அவர் அம்மா இன்னும் ஒப்பவில்லை. பொழுது சாயுமுன் புறப்பட்டார்கள். தட்டுகளைக் கழுவாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18

சோதனை முடிவு வந்தது. நோய் ஏறவில்லை. ஆபிதா பீவியிடம் மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பெண் குழந்தை. களக்காட்டு ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ்ஸில் போனேன். விஜி தூங்கிக்கொண்டிருந்தாள். அறை வாசலிலேயே நின்றேன். குழந்தை சம்பந்தியம்மாள் கையில் இருந்தது. எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று மாதம் இருக்கும்.

"அங்கன உக்காருங்க அண்ணாச்சி" என்று மூலையில் கிடந்த நாற்காலியைக் காட்டினார்கள். தள்ளி உட்காரச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன்.

எழுந்து வந்து, குழந்தையை என் மடியில் வைத்தார்கள். "பைய. தலையத் தாங்கிக்கிடுங்க."