பெருங்காய டப்பாவில் வலிப்பு மாத்திரை

அக்கா,

இன்று காலை ரசம் வைக்கப் பெருங்காய டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனையோடு உங்கள் மேல் கோபம் வந்தது. வருத்தம் இல்லை, கோபம்தான். செத்துப்போன மனுஷியோடு இத்தனை வருஷமாகச் சண்டை போடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டில்லி கிட்வாய் நகரில் நீங்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. மார்க்கெட்டில் ஒரு பஞ்சாபியின் மருந்துக் கடையில் நான் பார்மசிஸ்ட். உங்கள் வலிப்பு மாத்திரையை மாதாமாதம் நான்தான் கொண்டுவந்து தருவேன். நீங்கள் கடைப் பக்கமே வரமாட்டீர்கள். "நீ பாட்டுக்கு மாத்திரை பேரைச் சத்தமாச் சொல்லிருவ. பக்கத்துல நம்ம ஊர்க்காரி எவளாவது நிப்பா" என்பீர்கள். வாங்கிய கையோடு பெருங்காய டப்பாவுக்குள் ஒளித்து வைப்பீர்கள். மாத்திரையெல்லாம் சாம்பார் மணக்கிறது என்று கேலி செய்தால், "வலிப்புக்கும் ஆச்சு, வாயுவுக்கும் ஆச்சு" என்று சிரிப்பீர்கள். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. வருஷக்கணக்கில் உங்களுக்கு வலிப்பே வரவில்லை.

அப்புறம் உங்கள் மகளுக்கு வரன் வந்தது. தூரத்து உறவு என்பதால் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மதராஸிலிருந்து வந்து உங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். தாய்க்கு வலிப்பு என்று தெரிந்தால் பெண்ணை எவன் எடுப்பான் என்று உங்கள் கணவர் பயமுறுத்தினார். அந்த அம்மாள் சமையலறையில் கூடமாட வேலை செய்கிறேன் என்று டப்பாவைத் திறந்துவிடுவாளோ என்று மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டீர்கள்.

"ஒரு வாரந்தானடி. இத்தனை வருஷமா வராதது இப்பத்தான் வந்துரப் போகுதா?" என்று மாடிப்படியில் என்னிடம் கிசுகிசுத்தீர்கள்.

"வராம இருந்ததே மாத்திரையாலதான் அக்கா. திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும். எங்கிட்டக் குடுங்க. தினம் மேல வந்து முழுங்கிட்டுப் போங்க."

தலையாட்டினீர்கள். வரவில்லை. நானே இறங்கி வந்தபோது, "அச்சா, அப்புறம் பேசலாம்" என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வர, டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளையும் கூட இருந்தார். டாக்டர் கேட்டதற்கு உங்கள் கணவர், "பஹ்லி பார் ஹுவா ஹை, டாக்டர் சாப்" என்றிருக்கிறார். இதுதான் முதல் தடவையாம்! நீங்கள் சாகக் கிடந்தபோதும் அந்த மனுஷனுக்குச் சம்பந்தம்தான் பெரிதாக இருந்தது. கடையிலிருந்து நான் ஓடிவந்து வார்டில் எல்லாருக்கும் கேட்க மாத்திரையின் பேரைச் சொன்னேன். அதற்குள் உங்கள் உயிர் போயிருந்தது.

கல்யாணம் நிற்கவில்லை. வருஷம் திரும்பியதும் நடந்தது. மாப்பிள்ளைக்கு டில்லியிலேயே வேலை கிடைத்து, அவர் அம்மாவும் இங்கே வந்து சேர்ந்தார். ஒருநாள் அந்த அம்மாள் கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு டாக்டர் சீட்டை நீட்டினார். உங்களுடைய அதே மாத்திரை. அவருக்குத்தான்.

"மருமகளுக்குத் தெரிய வேண்டாம்மா. சின்ன வயசுலேர்ந்து இருக்கு. பொண்ணு பாக்க வந்து அவங்க வீட்டுல தங்கினப்பகூடப் பாத்ரூமுக்குள்ள போய்த்தான் முழுங்கினேன்."

ஒரே வீட்டில், அக்கா. ஒரே வாரத்தில்.

ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன். இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய ரகசியம் என்னோடுதான் இருக்கிறது. உங்கள் மகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அம்மாள் திடமாக இருக்கிறார். மார்க்கெட்டுக்கு வரும்போது உங்கள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.