இன்னும் ஆறு கிலோமீட்டர்

கோபக்கார அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் இந்தக் காகிதம் உன் அறைக் கதவுக்குக் கீழே வருகிறது. உள்ளே அட்டைப்பூச்சி எதுவும் வைக்கவில்லை. நம்பு.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களிடம் மலாயில் 'சிக்கிட் லாகி', இன்னும் கொஞ்சம்தான் என்று பொய் சொல்வது இங்கே வழக்கம். நாம் ஏறிய அன்றைக்கு நாலாவது கிலோமீட்டரில், "முட்டி வலிக்குதுடா, திரும்பிடலாமா?" என்றாய்.

"சிக்கிட் லாகி லா" என்றேன். உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். அதைக் காட்டிய கைக்கடிகாரத்தைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

உச்சியில் மேகம் நம் காலுக்குக் கீழே நின்றது. நீ கைதட்டிச் சிரித்தாய். இறங்கும்போது உன்னை நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

உன் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் ஆன்டி போன் செய்தார். மூன்று வாரமாக நீ போகவில்லையாம். நேற்று அம்மாவிடம், "எப்பம்மா பழையபடி நடப்பேன்?" என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார் அம்மா. அவரும் மலை இறங்கி வந்தவர் மாதிரியே பேசுகிறார்.

டாக்டர் சொன்னது எட்டு மாதம்.

நாளைக்கு நாலு மணி கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ், அந்த ஆன்டியிடம் போகலாம். இறங்கியதும் லிஃப்டுக்கு எழுபத்திரண்டு காலடி. எண்ணிப் பார்த்துவிட்டேன். ரொம்ப தூரம் இருக்கு அக்கா. கூட வரேன்.

இப்படிக்கு,
கடிகாரத்தை மூடியவன்